பண்ணைக் கடலில் எட்டாம் எண் ஃபிளை ரொட்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் நான் எறிந்து பார்த்த ஃபிளை ரொட் (இறகுத் தூண்டில் கோல்) இது; கனடாவிலிருந்து மச்சான் கொண்டு வந்து தந்தது. 9 அடி நீளம், எட்டாம் எண் லைனுக்கானது (எண் தூண்டில் நூலின் பாரத்தைக் குறிக்கும்), நாலு துண்டாகக் கழற்றலாம்.

ஃபிளை தூண்டிலில் ஈயம் கட்டுவதில்லை. தடித்த லைனின் பாரம்தான் இறகு கட்டிய தூண்டில்முள்ளைத் தூக்கிக்கொண்டு போகும். அதனால் ரொட் எப்படி வளைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது நுனி மட்டும் வளைகிற விறைப்பான சாதி. சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போதும் லைன் ஒடுங்கிய வளையமாகக் காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. பாரை மீன் இழுத்தாலும் அடித்தண்டு அசையவில்லை. ஆனால் கிட்டத்தில், 20 அடிக்குள், பூப்போலப் போடச் சொன்னால் முரண்டு பிடிக்கும்; முள் 'பொத்'தென்று விழ, மீன் கலைந்துவிடும்.

குறை ஒன்று: லைன் ஓடுகிற வளையங்களில் அடி வளையத்தின் காலில் அதற்குள் துரு பூத்துவிட்டது, அதுவும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவியும். உப்புத் தண்ணீருக்கென்று விற்கிற சாமானுக்கு இது சரியில்லை.

பண்ணை வீதியில் நின்று எறியாதீர்கள். லைன் பின்பக்கமும் நீளமாக விரியும், மோட்டார்சைக்கிளில் போகிறவர் பாவம். மண்டைதீவுப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று எறியலாம். கறிக்கு மீன் வேண்டுமென்றால் சாதாரணத் தூண்டிலே போதும்.