கூழாங்கல் ஆறா, நல்லமுடிப் பூஞ்சோலையா?

வால்பாறையில் பால்வாடிப் பிள்ளைகளை ஒரு காலை நேரம் வெளியே கூட்டிப்போவதென்றால் இந்த இரண்டு இடமும் பேச்சில் அடிபடும்.

நல்லமுடிப் பூஞ்சோலை பெரியவர்களுக்கு அருமையான இடம். முடீஸ் பக்கம் போய், தேயிலைக் காட்டுக்குள் நடந்தால் கீழே பள்ளத்தாக்கு விரியும். ஆனால் 4 வயதுப் பிள்ளைக்குத் தூரத்துப் பள்ளத்தாக்கில் என்ன இருக்கிறது? மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் தெரியாது. பிள்ளைகளை விளிம்புக்கு விடாமல் பிடித்துப் பிடித்தே டீச்சருக்குக் கை ஓய்ந்துவிடும்.

கூழாங்கல் ஆறு வேறு கதை. கோடையில் ஓரத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் ஓடும். வழவழப்பான கல்லைப் பொறுக்கிப் பெரிசு, சிறிசு என்று வரிசை வைக்கலாம், பத்து வரை எண்ணலாம். ஈரக்கல் வெயிலில் காய்ந்ததும் வெளுத்துப்போகும்.

"டீச்சர், என் கல்லு நிறம் போயிருச்சு!"

"போகல கண்ணு, மறுபடி நனைச்சுப் பாரு."

அவ்வளவுதான், அரை மணி நேரம் அதிலேயே ஓடிவிடும். சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டி இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ன!

குறையும் உண்டு. விடுமுறை நாட்களில் சுற்றுலாக் கூட்டம் நெரியும், பாட்டில் சில்லு கிடக்கும். அதனால் வார நாளாகப் பாருங்கள், இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவராவது வேண்டும், மாற்றுத்துணியும் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இரண்டுமே வேண்டாம். ஆற்றில் வெள்ளம், தேயிலைக் காட்டில் அட்டை. சாயங்காலம் எந்த மாதமானாலும் கூடாது, சிறுத்தை நடமாட்டம் இருக்கும் ஊர் இது.