வெல்டிங் இடத்துக்கு ஜிங்க் ஸ்ப்ரே: எது அசல், எது வெறும் சில்வர்

ஜி.ஐ. பைப்பில், அதாவது ஜிங்க் என்கிற துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில் போட்ட கேட்டில் முதலில் துரு எட்டிப் பார்ப்பது வெல்டிங் வைத்த இடத்தில்தான். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகி, 907-ல் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் சூட்டுக்கு அது எங்கே நிற்கும்? வெந்துபோன இடத்தில் மறுபடி துத்தநாகம் ஏற்றத்தான் 'கோல்டு கால்வனைசிங்' (சூடு இல்லாமல் துத்தநாகம் பூசும்) ஸ்ப்ரே. பொருள் நல்ல பொருள்தான், சரியான டப்பா கைக்கு வந்தால்.

கேட்டவுடன் சில கடைகளில் எடுத்து நீட்டுவது அலுமினியத் தூள் கலந்த சில்வர் ஸ்ப்ரே. பளபளப்பு அதில்தான் அதிகம், காப்பு கிடையாது. காய்ந்த படலத்தில் துத்தநாகம் எத்தனை சதவீதம் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். 90-க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். அடித்தால் மங்கிய சாம்பல் நிறம்தான் வரும், அதைக் குறை என்று நினைக்க வேண்டாம்.

வெல்டிங் மேல் படிந்த கசடை (ஸ்லாக்) தட்டி, கிரைண்டர் போட்டு, வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னரில் துடைக்கவும். ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு பிரைமர் மட்டும் அடியில் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் இரும்பை நேராகத் தொட்டால்தான் இரும்புக்குப் பதில் தான் அரிபடும். நடுவில் பிரைமர் வந்தால் கொடுத்த காசு வீண். தூள் கனம், அடியில் படிந்து கிடக்கும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கவும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று கோட். ஒன்று தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே அடுத்தது. ஒரே மூச்சில் அடித்தால் வழியும். முடிந்ததும் டப்பாவைக் கவிழ்த்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் நாசில் அடைக்காது.

மேலே சாதா எனாமல் அடித்தால் நாளடைவில் தோல் தோலாக உரியும்: ஈரத்தில் துத்தநாகம் பெயின்டின் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும். காய்ந்த ஸ்ப்ரேக்கு மேல் எபாக்ஸி பிரைமர் கொடுத்து, அதன் மேல் அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

குறை ஒன்று உண்டு. பைப்பின் உள்பக்கமும்தான் வேகிறது, அங்கே ஸ்ப்ரே எட்டாது. தண்ணீர் இறங்காமல் முனைகளுக்கு மூடி போடுவதே வழி. கடலோர வீடு, பெரிய ஸ்டாண்ட் என்றால் துத்தநாகம் பூசாத கருப்பு பைப்பில் செய்து முடித்து, மொத்தமாகத் துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுக்கக் கொடுப்பதே மேல். கொடுக்குமுன் ஒவ்வொரு பைப்பிலும் காற்றுத் துளை போட்டாயிற்றா என்று பாருங்கள். அடைபட்ட பைப்பில் ஈரம் இருந்தால் 450 டிகிரி தொட்டிக்குள் வெடிக்கும்.