கைவேலை தெரிந்த கண்ணுக்குத் தெரியும் துப்பு: கோஸி மர்ம நாவல்களுடன் சில ஆண்டுகள்

எம்ப்ராய்டரி, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்), ஒட்டுத்துணிப் போர்வை, தேநீர்க் கடை, மூலிகைத் தோட்டம் என்று ஏதாவது ஒரு கைவேலையையோ பொழுதுபோக்கையோ நடுவில் வைத்து எழுதப்படும் ஆங்கிலத் துப்பறியும் நாவல்களைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்து வருகிறேன். 'கோஸி' எனப்படும் இதமான மர்ம நாவல்களில் இது ஒரு பெரிய கிளை. வேலூரில் என்னோடு தையல் வகுப்பு முடித்த தோழிகள் சிலர், இவற்றை வாங்கலாமா என்று அவ்வப்போது கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் அட்டையில் நூல்கண்டும் பூனையும் இருப்பதை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

இந்த நாவல்களில் கொலை உண்டு, ஆனால் ரத்தமும் சித்திரவதையும் விவரிக்கப்படுவதில்லை. துப்பறிபவர் போலீஸ்காரர் அல்லர். கடைக்காரர், விதவை, ஓய்வுபெற்ற ஆசிரியை போன்ற யாரோ ஒருவர். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் மடியில் பின்னல் வேலையோடு 1930-லேயே நாவலுக்குள் வந்துவிட்டார். ஆனால் கைவேலையையே கதையின் களமாக்கும் போக்கு அமெரிக்காவில் 1990-களில்தான் வலுப்பெற்றது. அங்கே கோஸி உள்ளிட்ட மரபான மர்ம நாவல்களுக்கென்று ஆண்டுதோறும் அகதா விருது தருகிறார்கள். பரிசாகக் கிடைப்பது ஒரு தேநீர்க் கெண்டி. எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

நல்ல கோஸி எது என்பதற்கு இத்தனை காலத்தில் எனக்கென்று ஓர் அளவுகோல் அமைந்துவிட்டது. கைவேலையை உருவிவிட்டால் கதை விழ வேண்டும். நாயகி நூல்கடை வைத்திருக்கிறாள் என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, பிறகு வழக்கை முழுக்கத் தொலைபேசி அழைப்புகளையும் உயிலையும் வைத்தே முடித்தால் அவளுக்கு நூல்கடை எதற்கு? மளிகைக் கடையே போதுமே. இந்தத் தேர்வில் பாதிக்கு மேற்பட்ட புத்தகங்கள் தோற்றுவிடுகின்றன. வெல்பவைதான் மறுவாசிப்புக்கு நிற்கின்றன.

மோனிகா ஃபெரிஸ் எழுதிய எம்ப்ராய்டரித் தொடர் அப்படி நின்ற ஒன்று. முதல் நாவல் 1999-இல் வந்தது. மினசோட்டா மாநிலத்தின் எக்செல்சியர் என்ற ஏரிக்கரை ஊரில் ஊசிவேலைக் கடை நடத்தும் சகோதரியைப் பார்க்க வருகிறாள் பெட்ஸி. சகோதரி கொல்லப்படுகிறாள். ஊசிவேலையில் அதிகம் பழகாத பெட்ஸி கடையையும் ஏற்று, வேலையையும் கற்று, வழக்கையும் துலக்க வேண்டியிருக்கிறது. வாசகரும் அவளோடு சேர்ந்தே கற்கிறார் என்பதால் புதியவர்களுக்கு இதைத்தான் முதலில் தருகிறேன். அதே தொடரின் இன்னொரு நாவலில், ஏரியின் அடியிலிருந்து மீட்கப்படும் பழைய படகோடு ஓர் எலும்புக்கூடும் ஒரு லேஸ் துண்டும் கிடைக்கின்றன. முடிவைச் சொல்ல மாட்டேன். கையால் பின்னிய லேஸைப் பார்த்து அது யார் வேலை என்று தேடிப் போகலாம் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையலின் இறுக்கம், நூலை முடிக்கும் விதம், பின்பக்கத்தில் நூலை இழுத்துச் செல்லும் திசை ஆகியவை ஆளுக்கு ஆள் மாறும். அது ஊசி பிடித்தவர்களுக்குத் தெரியும். காவல் நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த நாவல்களின் நியாயமே அங்குதான் இருக்கிறது.

எர்லீன் ஃபௌலரின் பென்னி ஹார்ப்பர் தொடர் 1994-இல் தொடங்கியது. ஒவ்வொரு நாவலின் தலைப்பும் ஒட்டுத்துணிப் போர்வையின் ஒரு வடிவத்துக்கு உரிய பெயர். நாட்டார் கலை அருங்காட்சியகம், கைவினைஞர் கூட்டுறவு, மாட்டுப் பண்ணை என்று களம் விரிவாக இருக்கிறது. துக்கத்தை மறைக்காமல் எழுதுகிறார். மேகி செஃப்டனின் பின்னல் தொடர் (2005 முதல்) இதைவிட இலகுவானது. பஸ் பயணத்துக்கு ஏற்றது.

இனி, புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். பல நாவல்களின் முடிவில் ஒரு பின்னல் வடிவமோ எம்ப்ராய்டரி வரைபடமோ சமையல் குறிப்போ இருக்கும். செய்து பார்க்க விரும்புகிறவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. வரைபடங்களில் பெரும்பாலும் டிஎம்சி என்ற நிறுவனத்தின் நூல் எண்கள்தான் இருக்கும். நம் பக்கத்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஆங்கர் என்ற இன்னொரு நிறுவனத்தின் நூல். டிஎம்சி 310 என்ற கறுப்புக்கு ஆங்கரில் 403; இப்படி எண்ணுக்கு எண் மாற்றும் அட்டவணை ஒன்றை அச்செடுத்துத் தையல் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குரோஷேயில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க நாவல் சிங்கிள் குரோஷே என்று சொல்வதை பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். பழைய பிரிட்டிஷ் வடிவப் புத்தகங்களில் பழகிய கை, அமெரிக்க வடிவத்தை அப்படியே போட்டால் துணி எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகிவிடும்.

கம்பளி நூல் எங்கள் ஊருக்கு ஆகாது. அக்னி நட்சத்திரத்தின்போது வேலூரில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு பின்னுவது தண்டனை. நான் எல்லாவற்றையும் பருத்தி நூலுக்கு மாற்றிவிடுகிறேன். பருத்திக்குக் கம்பளியின் நெகிழ்வு கிடையாது, கனமும் அதிகம். அதனால் ஸ்வெட்டர், சால்வை வடிவங்களை விட்டுவிட்டு, மேசை விரிப்பு, கைப்பை, குழந்தைத் தொப்பி போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் நன்றாக அமைகின்றன. சமையல் குறிப்புகளில் ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்றால் சுமார் 113 கிராம், 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்றால் சுமார் 177 செல்சியஸ். ஓவன் அடுப்பு இல்லாத வீட்டில் அந்தப் பக்கத்தைப் படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அச்சுப் புத்தகமா மின்னூலா என்றால், கதைக்கு மின்னூல் போதும். ஆங்கிலம் எளிமையாகவே இருக்கும். தெரியாத கைவேலைச் சொல்லை விரலால் தொட்டு அகராதி பார்ப்பதும் வசதி. ஆனால் கறுப்பு வெள்ளைச் சிறு திரையில் எம்ப்ராய்டரிக் கட்டங்களை எண்ண முடியாது. வடிவம் வேண்டுமென்றால் பழைய அச்சுப் பிரதியைத் தேடி வாங்குங்கள். தொடரை முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். ஆட்களின் திருமணம், மரணம், கடன், சமரசம் எல்லாம் அடுத்தடுத்த நாவல்களில் தொடர்கின்றன.

சலிப்பு வரும் இடங்களும் உண்டு. ஐந்தாறு நாவல்களுக்குப் பிறகு, அத்தனை சிறிய ஊரில் இத்தனை கொலைகளா என்ற கேள்வியைத் தவிர்க்க முடிவதில்லை. நாயகி இரண்டு ஆண்களுக்கு நடுவே முடிவெடுக்காமல் நிற்பதைப் புத்தகம் புத்தகமாக நீட்டும் தொடர்கள் என் பொறுமையைத் தீர்த்துவிட்டன. அவற்றை நடுவிலேயே விட்டுவிட்டேன். ஒரு தொடரை முடித்ததும் வேறு கைவேலைக்கு மாறினால் இந்தச் சலிப்பு குறைகிறது.

படிப்பதை என் மாமியாருக்குத் தமிழில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அத்தை குடியாத்தத்தில் கைலி நெய்யும் வீட்டில் பிறந்தவர். தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றி வளர்ந்தவர். கொலையாளி யார் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. "செத்துப் போனவள் பாதியில் விட்ட வேலையை யார் முடித்தார்கள்?" என்றுதான் கேட்பார். அவர் கேட்ட பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். நல்ல கோஸி நாவல்களில் இறந்தவரின் பாதி வேலை எங்கோ ஒரு பையில் கிடக்கும். கடைசிக்குள் யாராவது அதைக் கையில் எடுப்பார்கள். எடுக்காமல் முடிந்த கதையை அத்தை ஏற்பதில்லை. இப்போது நானும் ஏற்பதில்லை.

நம் வட ஆற்காட்டில் இப்படியொரு நாவலுக்குக் களத்துக்கா பஞ்சம்? ஆரணியில் பட்டு, குடியாத்தத்தில் கைலி, வாலாஜாபேட்டையில் நெசவு, ஆம்பூரில் தோல், கரிகிரியில் மண்பாண்டம் என்று ஊருக்கு ஒரு தொழில் இருக்கிறது. தமிழில் துப்பறியும் கதைக்கு நீண்ட மரபும் இருக்கிறது. தறியைத் தெரிந்த ஒருவர் எழுதினால் துப்பைத் தேடித் தறியை விட்டு வெளியே போகவே வேண்டாம். ஒருநாள் மாலை இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தை சொன்னார்: "எங்கள் அப்பா நெய்ததையும் அண்ணன் நெய்ததையும் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பாவின் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், நெருக்கமாக விழும்."

அப்படியென்றால் தறியில் பாதி நெய்த சேலை நிற்கிறது, நெய்தவர் இறந்து கிடக்கிறார், கடைசி ஒரு சாண் மட்டும் வேறு கை நெய்தது என்று வைத்துக்கொள்வோம் என்றேன். கொன்றவன் எதற்காக உட்கார்ந்து நெய்ய வேண்டும் என்று நானே தடுமாறினேன். அத்தை உடனே சொன்னார்: "எவ்வளவு நெய்திருக்கிறது என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நேரம் கணக்குப் போடுவோம். ஒரு சாண் கூடுதலாக இருந்தால், அந்த நேரம் வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார் என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?"