ஊர் முத்திரை போதுமா, உலக முத்திரை வேண்டுமா? சிறு மீனவர்களுக்கான சூழல் சான்றுகள் பற்றிய மதிப்பீடு

உலகில் பிடிபடும் மீனில் குறைந்தது 40 சதவீதம் சிறுதொழில் மீனவர்கள் கரை சேர்ப்பது. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அவர்கள்தான். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பான எஃப்ஏஓ, டியூக் பல்கலைக்கழகம், மீன்வள ஆய்வு அமைப்பான வேர்ல்டுஃபிஷ் மூன்றும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட கணக்கு இது. அப்படியிருந்தும் ‘கடலுக்குக் கேடில்லாமல் பிடித்தது’ என்ற சான்றோடு கடைக்கு வரும் மீனில் பெரும்பங்கு பெரிய கப்பல்களுடையது. தூண்டில் போட்டு நாலு மீன் பிடித்தவரின் மீனும் இழுவைமடி அள்ளிய மீனும் ஏலத்தில் ஒரே குவியலாகி, ஒரே விலைக்குப் போகின்றன.

இந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்று வரும் சான்றுகளில் மூன்றையும், மீனவச் சமூகம் தானே முத்திரை உருவாக்கிக்கொள்ளும் வழியையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். கேட்டுப் பார்த்த கேள்விகள் மூன்று. செலவு யார் தலையில் விழுகிறது? முத்திரை யார் கையில் இருக்கிறது? கரையில் இறங்கிய மீன்தான் கடையில் விற்கிறது என்பதற்கு என்ன பிடிமானம்? கடைசிக் கேள்வியில்தான் நல்ல முத்திரைகளும் தடுமாறுகின்றன.

எம்எஸ்சி: தரம் உண்டு, எல்லோருக்கும் பொருந்தாது

மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலை (எம்எஸ்சி) 1997-இல் யூனிலீவர் நிறுவனமும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூடபிள்யூஎஃப்பும் சேர்ந்து தொடங்கின. நீல நிற மீன் சின்னம் அதனுடையது. மீன் இருப்பின் நிலை, சூழல் மீதான பாதிப்பு, நிர்வாகம் என்ற மூன்று தலைப்புகளில் மதிப்பெண் போடுகிறார்கள். எந்த ஓர் அம்சத்திலும் 60-க்குக் கீழே இறங்கினால் சான்று இல்லை. ஒவ்வொரு தலைப்பிலும் சராசரி 80 வர வேண்டும். 60-ஐத் தாண்டி 80-ஐ எட்டாத அம்சங்களைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்வதாக ஒப்புக்கொண்டு சான்று பெறலாம். சான்று 5 ஆண்டு செல்லும், ஆண்டுதோறும் மறுபார்வை உண்டு. அறிக்கைகளைப் பொதுவில் வைக்கிறார்கள் என்பது இதன் பெரிய பலம்.

செலவுதான் இடிக்கிறது. மதிப்பீடு செய்வது தனி நிறுவனம், கட்டணம் கட்டுவது மீனவர் தரப்பு. எம்எஸ்சி சொல்லும் வரம்பே 15,000 முதல் 1,20,000 டாலர். சின்னத்தைப் பொட்டலத்தில் போட்டு விற்பவர் ஆண்டுக் கட்டணமும் விற்பனைத் தொகையில் 0.5 சதவீதமும் தனியாகத் தர வேண்டும். மீனை வாங்கி, வெட்டி, பிரித்து விற்கும் ஒவ்வொரு கைக்கும், சான்று பெற்ற மீன் வேறு மீனோடு கலக்கவில்லை என்று காட்டும் தொடர்ச்சிச் சான்று தேவை. புள்ளிவிவரம் இல்லாத கடல்களுக்கு அபாய அடிப்படையில் மதிப்பிடும் மாற்று முறை இருக்கிறது. அதற்கும் நிபுணர்களைக் கூட்டி உட்கார வைக்க வேண்டும்.

வென்ற சிறு மீனவர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் சிங்கி இறால் பிடிப்பவர்கள் 2004-இல் சான்று வாங்கினார்கள். வியட்நாமின் பென் ட்ரே மட்டி 2009-இலும், மாலத்தீவில் கழித்தூண்டிலால் பிடிக்கும் சூரை 2012-இலும், கேரளத்து அஷ்டமுடிக் காயலின் மட்டி 2014-இலும் பெற்றன. கடைசியாகச் சொன்னது இந்தியாவின் முதல் எம்எஸ்சி சான்று. நான்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒற்றுமை தெரியும்: ஒரே இனம் அல்லது ஒரே பிடிமுறை, வெளிநாட்டில் காத்திருக்கும் வாங்குநர், ஓரளவு ஒழுங்கான நிர்வாகம். அஷ்டமுடியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி அள்ளத் தடை, 30 மில்லிமீட்டர் வலைக்கண், ஒரு கிலோ சதைக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் போகும் சிறு மட்டியை ஏற்றுமதி செய்யக் கூடாது என்ற விதிகள் 1990-களிலேயே வந்துவிட்டன. சான்று அந்த விதிகளின் மேல் பிறகு வந்து அமர்ந்தது.

ஒரே வலையில் பத்துப் பதினைந்து இனம் விழுந்து, மீன் அன்றைக்கே பக்கத்துச் சந்தையில் விற்றுப்போகும் இடங்களுக்கு இந்தச் சான்றைப் பரிந்துரைக்க மாட்டோம். செலவு திரும்பி வராது.

ஃபேர் ட்ரேட்

நியாய வணிகச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஃபேர் ட்ரேட் யுஎஸ்ஏ 2014-இல் மீனுக்கும் வந்தது. முதலில் பெற்றவர்கள் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் கைத்தூண்டிலால் மஞ்சள்துடுப்புச் சூரை பிடிப்பவர்கள். விலைக்கு மேல் வாங்குநர் ஒரு கூடுதல் தொகை தருகிறார். அதை எதற்குச் செலவழிப்பது என்பதை மீனவர் குழு முடிவு செய்கிறது. உழைப்பவரின் நிலைமையையும் தரத்துக்குள் கொண்டுவந்தது இதன் சிறப்பு. கவனிக்க வேண்டியது ஒன்று: சான்று பல இடங்களில் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். நிறுவனம் வேறு கரைக்குப் போய்விட்டால் முத்திரையும் அதோடு போகும். கையெழுத்துப் போடுமுன் சான்று யார் பெயரில் என்று கேட்டுவிடுங்கள்.

பிரெட்டனியின் செவுள் டேக்

நாங்கள் மிகவும் மதிக்கும் முறை இது. பிரான்ஸின் பிரெட்டனிக் கரையில் தூண்டில் மீனவர்கள் 1993-இல் சங்கம் அமைத்து, தாங்கள் பிடிக்கும் ஒவ்வொரு ‘பார்’ (ஐரோப்பியக் கடல் பாஸ்) மீனின் செவுள் மூடியிலும் எண் போட்ட டேக் குத்தத் தொடங்கினார்கள். எண்ணை இணையதளத்தில் போட்டால் பிடித்தவர் யார், எந்தப் படகு என்று தெரியும். வாக்குறுதி மிகச் சிறியது: தூண்டிலில் பிடித்தது, இன்னார் பிடித்தது. கடலையே காப்பாற்றுகிறோம் என்று அது சொல்லவில்லை. சொன்னதை மட்டும் மீனிலேயே காட்டியது, அதனால் நிலைத்தது. முழு மீனாக, நல்ல விலைக்கு, ஒன்றொன்றாக விற்கும் இனத்துக்குத்தான் இது சரிப்படும். நெத்திலிக்கும் மத்திக்கும் டேக் குத்த முடியாது. அவற்றுக்குப் பெட்டியைப் பூட்டி எண் போட்ட முத்திரை வைக்கலாம்.

சொந்த முத்திரை உருவாக்குவதென்றால்

‘எங்கள் ஊர் மீன் அனைத்தும்’ என்று தொடங்கும் முத்திரை முதல் பருவத்திலேயே உடையும். அதே கரையில் ஒருவர் பொடிக்கண் வலை வைத்திருப்பார், அவர் மீனும் முத்திரைக்குள் வந்துவிடும். சிறுதொழில் என்பதாலேயே ஒரு மீன்பிடிப்பு நல்லதாகிவிடாது. முட்டையிட ஒன்றுசேரும் மீனைக் கூட்டமாக அள்ளும் சிறு படகும் கேடுதான். எல்லையை இனம், கருவி, நீர்ப்பரப்பு மூன்றாலும் குறுக்குங்கள்: இன்ன மீன், இன்ன தூண்டில் அல்லது இன்ன வலை, இன்ன கடலடிப் பாறை முதல் இன்ன முகத்துவாரம் வரை.

விதிகள் ஆறேழு போதும். ஒவ்வொன்றையும் கரையில் நிற்கும் ஒருவர் அளவுகோலோடு சோதிக்க முடிய வேண்டும். குறைந்தபட்ச நீளத்தை, அந்த இனத்தில் பாதி மீன்கள் முதல்முறை முட்டை கட்டும் நீளத்திலிருந்து எடுங்கள். வலைக்கண்ணை வலை நனைந்திருக்கும்போது இழுத்து, எதிர் முடிச்சுகளுக்கு இடையிலான உள்ளளவைப் பாருங்கள். ஒரு கண்ணை அளந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது, 20 கண்ணின் சராசரி வேண்டும். கூண்டு வைப்பவர்கள் சிறு மீன் தப்பும் இடைவெளி விட வேண்டும். கூண்டின் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் கட்டினால், கூண்டு கடலில் தொலைந்தாலும் நூல் இற்றுத் திறந்துகொள்ளும். ஆமை சிக்கினால் விடுவிப்போம் என்பது அவசியமான நடைமுறை. ஆனால் கரையில் நின்று அதைச் சோதிக்க முடியாது. பதிவேட்டில் எழுதுங்கள், முத்திரையின் வாக்குறுதியாக அச்சடிக்காதீர்கள்.

ஐஸ் விதியையும் சேர்க்க வேண்டும். சூழல் முத்திரையில் ஐஸுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் ஒவ்வாமை போன்ற கோளாறு தரும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உருவாகும். அது சமைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. முத்திரை மீன் தின்று ஒருவருக்கு உடம்பு தடித்துச் சிவந்தால் அதோடு பேர் போய்விடும். வெப்பமான கடல்களில் மீன் எடைக்கு எடை ஐஸ், பிடித்த உடனேயே.

பதிவேட்டில் தேதி, போன இடம், கருவியின் நீளம் அல்லது தூண்டில் எண்ணிக்கை, கடலில் இருந்த நேரம், இனவாரி எடை இருந்தால் போதும். பத்தி அதிகமானால் யாரும் நிரப்ப மாட்டார்கள். இதோடு வாரம் ஒருமுறை நீள அளவு எடுங்கள். வியாபாரி தரம் பிரிப்பதற்கு முன், கைக்கு வந்த கூடையை முழுவதுமாக அளக்க வேண்டும். பெரிய மீனாகப் பொறுக்கி அளப்பது வழக்கமாக நடக்கும் பிழை, அதில் வரும் சராசரி ஏமாற்றும். பிடிப்பளவு குறையவில்லை என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. கூட்டமாகத் திரியும் மீன் எண்ணிக்கையில் சரிந்தாலும் கூட்டமாகவே திரியும், வலை நிறைந்துகொண்டே இருக்கும். அந்த இனங்களில் நீளம் குறைவது பெரும்பாலும் முன்னதாகவே எச்சரிக்கும்.

இனி டேக். முத்திரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காகித ஸ்டிக்கர் ஈர மீனின் வழவழப்பில் ஒட்டாது. உரிந்து வந்தால் இன்னொரு மீனில் ஒட்டிவிடலாம். ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடியும் என்ற வகைப் பிளாஸ்டிக் டேக், தொடர் எண்ணோடு வேண்டும். படகிலேயே குத்த வேண்டும்; ஏலத் தரையில் மீன் கலந்த பிறகு குத்துவதில் பொருளில்லை. டேக்கைப் பணத்தாள் போல எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்: கொடுத்தது, பயன்பட்டதும் திரும்பியதும் சேதமானதும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும், வாரந்தோறும். பிறகு கடைக் கணக்கு. பெரும்பாலான இனங்களில் முழு மீனின் எடையில் 35 முதல் 50 சதவீதம்தான் எலும்பில்லாத துண்டாக மிஞ்சும். 100 கிலோ முத்திரை மீன் வாங்கிய கடை 70 கிலோ துண்டை முத்திரையோடு விற்றிருந்தால் வேறு மீன் கலந்திருக்கிறது.

சோதிப்பவர் யார்? இயற்கை வேளாண்மையில் வேரூன்றிய பங்கேற்பு உத்தரவாத முறையை இங்கே எடுத்துக்கொள்ளலாம்: மீனவர்களே ஒருவரையொருவர் சோதிப்பது. மைத்துனர் வலையை மைத்துனர் அளக்கும் சங்கடம் சின்ன ஊர்களில் நிச்சயம் வரும். அதனால் பக்கத்து இறங்குதளத்துக்காரர்கள், குலுக்கலில் வந்த இருவர், சொல்லாமல் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு மீன்வள ஆய்வாளர். டேக் எண்ணிக்கைக்கு ஏற்பச் சோதனையாளருக்குக் கூலி கொடுக்கவே கூடாது. தண்டனையைப் படிப்படியாக வையுங்கள்: முதலில் எச்சரிக்கை, அடுத்து ஒரு மாதம் டேக் நிறுத்தம், பிறகு பருவம் முழுக்க நீக்கம். பொதுவளங்களைத் தாங்களே காத்துக்கொண்ட சமூகங்களை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், நீடித்த ஏற்பாடுகளில் கண்ட பொது அம்சங்களில் இதுவும் ஒன்று. முதல் தவறுக்கே வெளியேற்றினால் அடுத்த தவறை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

சின்னத்தை வெளியிடும் முன்பே பதிவு செய்யுங்கள், வியாபாரி முந்திக்கொள்ளாமல். வணிகச் சின்னச் சட்டத்தில், சங்க உறுப்பினர்கள் பயன்படுத்தும் கூட்டுச் சின்னம், தரத்தை எட்டியவர்களுக்கு உரிமையாளர் அனுமதிக்கும் சான்றுச் சின்னம் என இரு வகை உண்டு. சான்றுச் சின்னத்தின் உரிமையாளர் அதே பொருளைத் தானே விற்கக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. ஆகவே மீனும் விற்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூட்டுச் சின்னமே ஏற்றது. சின்னப் பதிவில் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: வகுப்பு 29 இறந்த, பதப்படுத்திய மீனுக்கு. உயிர் நண்டு, மட்டி விற்றால் வகுப்பு 31-உம் வேண்டும்.

ஐரோப்பாவுக்கு விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2024/825 என்ற ஐரோப்பிய ஒன்றிய நெறியாணை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு வருகிறது. முறையான சான்றுத் திட்டத்தின் மேல் நிற்காத, அரசும் நிறுவாத ‘சூழலுக்குக் கேடில்லை’ வகை முத்திரைகளுக்கு அங்கே இடமில்லை. ஊர் முத்திரையை மட்டும் நம்பி அந்தச் சந்தைக்குப் போக முடியாது.

இந்தத் திட்டங்கள் அதிகம் மறப்பது மீன் விற்கும் பெண்களை. நல்ல மீனெல்லாம் டேக் குத்திக்கொண்டு நகரத்துக்குப் போனால், கூடையில் எடுத்து விற்றவர்களுக்குச் சரக்கு இருக்காது. சிறுதொழில் மீன்பிடிப்புக்கான எஃப்ஏஓ வழிகாட்டுதல்கள் 2014-இல் ஏற்கப்பட்டபோது, மீனவத் தொழிலாளர்களுக்காக ஓயாமல் உழைத்த சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு அவை காணிக்கையாக்கப்பட்டன. கரைக்கு வந்த பிறகு மீனோடு நடக்கும் வேலைகளில் பெண்களுக்குள்ள பங்கை அந்த ஆவணம் தெளிவாக ஏற்கிறது. குழுவில் விற்பனைப் பெண்களுக்கு வாக்குரிமையோடு இடமும், தினச் சரக்கில் அவர்களுக்கென எழுதிவைத்த ஒரு பங்கும் வேண்டும்.

ஒரே இனம், ஏற்றுமதி வாங்குநர், வலுவான சங்கம் மூன்றும் உள்ளவர்களுக்கு எம்எஸ்சி தகும். ஏற்றுமதி நிறுவனத்தோடு ஏற்கெனவே கட்டுண்டவர்கள் ஃபேர் ட்ரேடைப் பரிசீலிக்கலாம். கலவை மீன் பிடித்து அருகில் விற்பவர்கள் ஒரு இறங்குதளம், ஒரு இனம், இரண்டு மூன்று கடைகள் என்று சொந்த டேக்கோடு தொடங்கட்டும். மீன்பிடித் தடைக் காலத்தில், மீனவர்களுக்கு டேக் விற்றுச் சங்கத்துக்கு வரும் பணம் நின்றுவிடும், ஆனால் இணையதளக் கட்டணமும் கணக்கெழுதுபவர் சம்பளமும் நிற்காது. அந்த மாதங்களின் செலவையும் முதல் டேக்கின் விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.