பார்க்லீஸ்: 13 அத்தியாயங்களில் முடிந்த நாய்க் குடும்பம்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1972 செப்டம்பரில் தொடங்கி, சனிக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பாகி, 13 அத்தியாயங்களோடு நின்றுபோன 'தி பார்க்லீஸ்' கார்ட்டூன் தொடரை, காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் சீப்புச் சீடையைக் கொறித்தபடி பிள்ளைகளோடு பார்த்து முடித்தேன்.

பிங்க் பாந்தர் கார்ட்டூன்களைத் தந்த டிபேட்டி-ஃப்ரெலெங் நிறுவனம், பெரியவர்களுக்கான 'ஆல் இன் தி ஃபேமிலி' நகைச்சுவைத் தொடரின் சாயலில் இதை உருவாக்கியது. பேருந்து ஓட்டும் ஆர்னி என்ற நாய், தான் சொன்னதே சட்டம் என்று வீட்டில் அடித்துப் பேசுவதும், பிள்ளைகள் அதை மறுப்பதும், மனைவி ஆக்னஸ் இடையில் நின்று தவிப்பதும்தான் கதை. கொஞ்ச நேரம் பார்த்த அப்பத்தா, "உங்க ஐயாவுக்கு வால் முளைச்ச மாதிரியில்ல இருக்கு!" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

ஓவியம்தான் குறை. சிக்கனம் கருதி அசைவுகளைக் குறைத்திருப்பதால், ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தைப் போல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. கல்லில் அது அழகு, கார்ட்டூனில் அலுப்பு.

ஐந்து வயதுப் பேரன் பாதியிலேயே முகப்புக்கு ஓடிவிட்டான். பன்னிரண்டு வயதுப் பேத்தி மட்டும் கடைசிவரை சிரித்துக்கொண்டிருந்தாள்.