போர் போட்ட ஸ்ப்ளெண்டரும் அந்த ‘நாற்பது’ உபதேசமும்

“பழைய ஸ்ப்ளெண்டருக்கு போர் போடலாமா, இல்ல வித்துடலாமா?” என்று தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டார். போர் போடுவது என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனை மாட்டுவது. அப்படி 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்ட 97.2 சிசி இன்ஜினை வைத்துச் சொல்கிறேன். புகை கிடையாது. ஆயில் குறைவதில்லை. காலையில் ஒரே கிக். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளிர் காப்பி நிறத்தில் காய்ந்திருக்கிறது.

இந்த நல்ல நிலை வந்தது, பட்டறையில் சொன்னதைக் கேட்காததால்தான். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பாட்டு: “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாதண்ணா.” வேகம் அல்ல விஷயம், பாரம். எரியும் வாயுவின் அழுத்தம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சிலிண்டர் சுவரோடு தள்ளினால்தான், போர் போட்டபின் கல்லால் தேய்த்து உண்டாக்கிய ஹோனிங் கோடுகளின் மேடு தேய்ந்து ரிங் உட்காரும். டாப் கியரில் நாற்பதிலேயே உருட்டினால் அந்த அழுத்தம் போதாது. சுவரில் ஆயில் காய்ந்து கண்ணாடி போல் மினுமினுப்பு ஏறிவிடும். அப்புறம் எத்தனை ஆயிரம் ஓட்டினாலும் ரிங் உட்காராது, புகைதான். பழி மட்டும் போர் போட்ட லேத்காரர் மேல்.

பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டு, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள். திரும்பி வந்த சிலிண்டர் பிளாக்கை மண்ணெண்ணெயில் அலசினால் மட்டும் போதாது. கல்தூள் கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். வெந்நீர், சோப்புத்தூள், பிரஷ் போட்டுத் தேய்த்து, ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வராமல் போகிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் ஆயில் பூசாவிட்டால் சீக்கிரமே துரு பிடிக்கும். பிஸ்டன் தலையில் உள்ள ‘ஐஎன்’ குறி கார்ப்ரேட்டர் பக்கம். ரிங் வாய்கள், அதாவது ரிங்கின் வெட்டு இடைவெளிகள், ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றி, சாவியைப் போடாமல் இருபது கிக். ஆயில் மேலே, வால்வைத் திறக்கும் கேம் வரைக்கும் ஏறட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோவில் அரைமணி நேரம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்களே, அது நாற்பதை விட மோசம். இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள். மூன்றாவது கியரில் இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வரை பாதி ஆக்சிலரேட்டர், பிறகு முழுசாக மூடி வேகத்தை இறங்க விடுங்கள். மூடும்போது உண்டாகும் இழுவை ஆயிலை மேலே கொண்டுவரும். இப்படிப் பத்துத் தடவை செய்துவிட்டு இன்ஜினை முழுசாக ஆற விடுங்கள்.

இதற்கு 44ஆம் எண் நெடுஞ்சாலை லாயக்கில்லை. ஒரே வேகம், பின்னாலேயே லாரி ஹாரன். பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் ஏற்ற இறக்கமான ரோடுதான் சரி. ஒகேனக்கல் போகலாம் என்று ஆசை வரும். இறங்குவது சுலபம், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு பென்னாகரம் வரை ஏறி வருவதற்கு 500 கிலோமீட்டர் தாண்டட்டும். தொப்பூர் ஏற்றமும் அப்படியே. மாங்காய் சீசனில் கூடை கட்டுகிறவர்கள் அதுவரை வேறு வண்டி பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போது திடீரென்று வண்டியின் இழுவை குறைந்தால் உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள். பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம்.

ஆயிலை முதல் 100 கிலோமீட்டருக்குள் மாற்றுங்கள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளித்தூள் மின்னும். முதல் தடவை அது சகஜம். கூடவே அடியில் உள்ள ஜல்லடையையும் கிளட்ச் பக்கம் சுழலும் ஃபில்டரையும் சுத்தம் செய்யச் சொல்லி நின்று வாங்குங்கள், தானாகச் செய்ய மாட்டார்கள். மறுபடி 500இல், பிறகு 1000இல். சாதா மினரல் 10டபிள்யூ30, டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்க வேண்டும். ‘எம்பி’ என்றால் கிளட்ச் வழுக்கலாம். சிந்தெட்டிக் அவசரமே இல்லை. டேப்பெட்டை, அதாவது வால்வ் இடைவெளியை, 500இல் இன்ஜின் நன்றாக ஆறியபின் பாருங்கள்.

முறுக்கும்போது நீலப்புகை வந்தால் ரிங். இறக்கத்தில் மூடிவந்து திரும்ப முறுக்கும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல். இதைத் தெரிந்துகொண்டு போனால் பட்டறையில் பாதி ஏமாற்று வேலை குறையும்.

இவ்வளவும் சரியாக வந்தபின் எரிச்சல் எங்கே? இடது பக்கம், கேமைச் சுழற்றும் கேம் செயின். ஸ்லோவில் நின்றால் கடகட. பிளாக் கையில் இருந்தபோதே மாற்றியிருக்க வேண்டிய, அந்தச் செயினைத் தாங்கும் கைடு ரோலரை, “இன்னும் ஓடும்” என்று பழசையே மாட்டிவிட்டார் மெக்கானிக். ரப்பர் கட்டையாகி ஓரம் தேய்ந்த ரோலர். இப்போது மாற்ற வேண்டுமானால் ஹெட்டைத் திரும்பக் கழற்றணும், கேஸ்கட் செட் புதுசு, கூலி புதுசு. மனுஷர் கை சுத்தம்தான், வால்வ் லேப்பிங், அதாவது வால்வ் இறுக்கமாக மூடும்படி தேய்க்கும் வேலை, அருமையாகச் செய்திருக்கிறார், அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் அந்தச் சத்தம்தான் காதில் விழுகிறது, அவர் கைவேலை அல்ல.

ஆகவே நண்பருக்கு இன்றைய பதில்: வித்துவிடுங்கள். இல்லை, போட்டே தீருவேன் என்றால் கேம் செயின், ரெண்டு ரோலர், டென்ஷனர் ரப்பர் எல்லாவற்றையும் முன்னாலேயே வாங்கிக் கையில் கொடுத்து, பழசைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.