ஆண்களே, விதை சிறுத்திருக்கா? தொட்டுப் பார்க்காமல் ஊசி போடுறவங்ககிட்ட போகாதீங்க

எனக்கு 33 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஊர், ரப்பர் ஷீட் வியாபாரம். கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. இதை எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். "எழுதுங்க. இன்னொரு வீட்ல ஒருத்தி இந்த மாதிரி அழக் கூடாது"ன்னு சொன்னாள். அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் இடது விதை வலதை விடச் சிறியது. கல்லூரிக் காலத்திலேயே கவனித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. குளத்தில் குளிக்கிற ஊரில் வளர்ந்தவன்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தை நண்பனிடம்கூட வாய் திறந்து கேட்க முடியவில்லை. பிள்ளை இல்லை என்று பரிசோதனை செய்தபோது விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 90 லட்சம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ் வரம்பு 1 கோடியே 60 லட்சம். குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. இதை அன்றைக்கே யாராவது எனக்கு விளக்கியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். "சிறுத்த விதை, விந்துக் குறைவு, 90 நாளில் நிரந்தரத் தீர்வு." நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டேன். நாகர்கோவிலில் ஒரு மாடி அறை. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள் இருந்தன. எதையும் கிட்டப் போய் நான் படிக்கவில்லை.

அந்த ஆள் என்னைப் பரிசோதிக்கவே இல்லை. பேன்ட்டைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. கையில் இருந்த ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சின்ன வயசுல கைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "அதான் நரம்பு வத்தி விதை சுருங்கியிருக்கு" என்றார். பத்து வருஷம் மனசுக்குள் வைத்திருந்த பயத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் நான் மொத்தமாக நம்பிவிட்டேன். கைப்பழக்கத்தால் விதை சுருங்காது. இது சுத்தப் பொய். பின்னாடிதான் தெரிந்தது.

முன்பணம் 18,000. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒன்று 2,500. ஏழு மாதத்தில் 14 ஊசி போட்டேன். நடுவில் "ஸ்பெஷல் லேகியம்" என்று 15,000. மொத்தம் 68,000 ரூபாய். ஒரு பில் கிடையாது, கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான். ஊசி மருந்துக் குப்பியின் லேபிளைச் சுரண்டி வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணெய் மாதிரி மஞ்சள் திரவம், போட்டால் இரண்டு நாள் இடுப்பில் வலி இருக்கும். "மூலிகைச் சாறு" என்றார்கள்.

ஏன் ஏழு மாதம் போனேன் என்று கேட்பீர்கள். முதல் இரண்டு மாதம் உடம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. சுறுசுறுப்பு, தாடி அடர்த்தி, தோள் இறுகியது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்புறம் முதுகெல்லாம் பரு. ஐந்தாவது மாதத்தில் இரண்டு விதையுமே சிறுத்துத் தளர்ந்த மாதிரி இருந்தது. போய்ச் சொன்னேன். "கெட்ட நீர் வடியுது, அப்புறம் பெருக்கும்" என்றார்.

ஏழாவது மாதம் மறுபடி விந்துப் பரிசோதனை. ரிப்போர்ட்டில் விந்தணு காணப்படவில்லை என்று இருந்தது. பூஜ்யம். மனைவிதான் முதலில் படித்தாள். நாகர்கோவிலில் பஸ் ஏறி தக்கலை தாண்டும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவள் என் கையை மட்டும் விடவில்லை.

மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான், "எலேய், முதல்ல ஆசாரிப்பள்ளம் போ" என்று விரட்டினார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். டாக்டர் திரையை இழுத்து மூடிவிட்டு நேரே பரிசோதனை செய்தார். நிற்க வைத்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு முக்கச் சொன்னார். இடது பக்கம் விரலை வைத்துப் பார்த்து, "புழுக்கூட்டம் மாதிரி ரத்த நரம்பு புடைச்சிருக்கு தம்பி, இது வெரிகோசீல்" என்றார். பாசிமாலை மாதிரி ஒன்றை எடுத்து அளவு ஒப்பிட்டார். 1 முதல் 25 மில்லி வரை எண் போட்ட 12 முட்டைவடிவ மணிகள். வளர்ந்த ஆணுக்கு 12 மில்லிக்குக் குறைந்தால் சிறியது என்பார்களாம். எனக்கு வலது 12, இடது 8. பத்து நிமிஷம்தான். ஏழு மாதத்தில் 68,000 வாங்கியவர் செய்யாத வேலை அது.

டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காரணம் இருந்தது. படிக்கிற தம்பிகளுக்காக அதை எழுதுகிறேன். "பொறந்தப்ப ரெண்டு விதையும் பைக்குள்ள இறங்கியிருந்துச்சா?" இறங்காத விதையை ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் செய்து இறக்கி வைக்காவிட்டால் அது வளராமல் போகும், பின்னாளில் புற்றுநோய் அபாயமும் கூடும். "பொன்னுக்கு வீங்கி வந்தப்ப விதையும் வீங்குச்சா?" வயசுக்கு வந்த பிறகு பொன்னுக்கு வீங்கி வந்தால் சிலருக்கு அது விதையில் இறங்கி, பின்னால் சுருங்கிப் போகும். "எப்பவாவது திடீர்னு பயங்கர வலி வந்ததா?" விதை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் பிரித்து விட வேண்டும். வாயுப் பிடிப்பு என்று வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தால் விதை போய்விடும். பெற்றோர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

"வாசனை தெரியுமா?" என்றும் கேட்டார். எனக்கு ஆச்சரியம். பிறவியிலேயே வாசனை தெரியாமல், பருவ மாற்றமும் வராமல் இருந்தால் மூளையிலிருந்து போக வேண்டிய கட்டளை போகவில்லை என்று அர்த்தமாம். மார்பு பெருத்திருக்கிறதா, முகத்தில் ரோமம் குறைவா என்று பார்த்தது கிளைன்ஃபெல்டர் என்ற நிலைக்காக. ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறப்பவர்கள். 46க்குப் பதில் 47. அறுநூறு ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே வயது போகிறது. விதை சின்னதாகவும் கெட்டியாகவும் இருக்கும். அவர்களிலும் சிலருக்கு இன்று விதையிலிருந்தே விந்தணு எடுத்துப் பிள்ளை பிறக்கிறது. குடியால் ஈரல் கெட்டாலும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்தாலும் விதை சுருங்கலாம்.

கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்தது. "ஏதாவது ஊசி போட்டியா? ஜிம்முல, வேற எங்கயாவது?" சொன்னேன். காலை வேளையில் ரத்தம் எடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் தலைக்கு மேல். விதையை வேலை செய்யச் சொல்லும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டும் கிட்டத்தட்ட இல்லை. எனக்குப் போட்டது மூலிகைச் சாறு இல்லை, அந்த ஆண் ஹார்மோன்தான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், உள்ளே போதுமான அளவு இருக்கிறது என்று மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி நிற்கும். விதையின் பருமனே பெரும்பாலும் விந்தணு உண்டாகும் நுண்குழாய்கள்தான், அவை ஓய்ந்ததும் அது சுருங்கும். பிள்ளை வேண்டும் என்று போனவனுக்குப் பிள்ளை வராத ஊசி போட்டிருக்கிறார்கள்.

நாட்டு மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற மாவட்டம் இது. எங்கள் தாத்தாவின் ஒடிந்த கையைச் சேர்த்து வைத்தது ஒரு வர்ம ஆசான். அவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்காமல் எண்ணெய் போட்டதில்லை.

ஊசியை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. திரும்பி வர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். போன மாதப் பரிசோதனையில் 40 லட்சம். வலது விதை 15 மில்லி ஆகியிருக்கிறது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் வெரிகோசீல் உறுதியாகிவிட்டது, ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

அதுவரை காத்திருக்கிற நேரத்தில் நான் செய்த வேலை இது. மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். ஏமாற்று மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வுகள் சட்டத்தைச் சுட்டிக்காட்டி அந்தப் போஸ்டரைப் பற்றி அதில் எழுதினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஆனால் பில் இல்லாததுதான் என் பிரச்சினை. ஜி.பே.யில் அனுப்பிய மூன்று தவணை மட்டும் ஆதாரமாக இருக்கிறது. லேபிள் சுரண்டிய குப்பி ஒன்றை அந்த அறையிலிருந்து எடுத்து வந்து வைத்திருக்கிறேன். இதே மாதிரி மஞ்சள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் துண்டுச் சீட்டு, குப்பி, பணம் அனுப்பிய பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், பெயர் வெளியே வராது. ஒன்றாகப் போய்ப் புகார் கொடுப்போம்.